போர்வெல்லில் கைவைத்த உன் தம்பி

நபீஸாவுக்கு,

இங்கே தாகேதாவில் நம் ஐஸ் கம்பெனி போர்வெல்லை உன் தம்பி யாசர் நேற்று நிறுத்த வைத்துவிட்டான். மற்றபடி சுகம், உங்களுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்.

கடல்நீர் நிலத்தடியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று ஊர் ஊராக அளப்பதுதான் பத்து வருஷமாக அவன் ஆராய்ச்சி. அளக்கட்டும், என்னிடம் ஏன் வருகிறான்? தண்ணீர் கரித்ததால் நூறு அடி கூடுதலாக இறக்கினேன். வேலையாட்கள் முன்னாலேயே சொல்கிறான்: "மச்சான், நல்ல தண்ணி மேல நிக்குது, உப்பு அடியில கிடக்கு. காசு கொடுத்துக் கடலைக் கூப்பிட்டிருக்கீங்க."

"உன்னைப் படிக்க வச்சது இந்த ஐஸ்தான்டா."

"அதனாலதான் காசு வாங்காம சொல்லிட்டுப் போறேன்."

திமிரைப் பார். ஆனால் உப்புத் தண்ணீரில் ஐஸ் இறுகவில்லை என்று மீன்காரர்கள் திருப்பி அனுப்பியது உண்மை, மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

இதைக் கொண்டுவருபவரிடம் மாசிக் கருவாடும் நீ இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடு. தனியாகத் தின்று நாக்கு செத்துவிட்டது. அவர் கிளம்பி நிற்கிறார், யாசரோடு பேசி முடித்ததை மட்டும் எழுதுகிறேன். அடி நூறடியை என் செலவில் சிமெண்டால் அடைப்பது. மேல்தண்ணீரை நாளுக்கு நாலு மணி நேரம் மட்டும் இறைப்பது. வெள்ளிதோறும் அவன் வந்து அளக்கலாம். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.