வெள்ளிக்கிழமை பிரேக்

ஓசூர்,
புதன்கிழமை.

அன்பு மகன் வெஸ்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். கனடாவில் நீ சுகமா என்பதை, உன் லாரியை அமெரிக்க எல்லையில் மறித்த அதிகாரியிடம்தான் விசாரிக்க வேண்டும் போலிருக்கிறது. நீ அப்பாவிடம் மட்டும் சொன்ன ரகசியத்தை அவர் இரண்டு நாள் காப்பாற்றினார், மூன்றாம் நாள் சோற்றில் கை வைத்ததும் சொல்லிவிட்டார்.

தினமும் வண்டியை எடுக்கும் முன் இறங்கிச் சுற்றிப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். நீயோ ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஆறு நாள் தாளையும் ஒரே மூச்சில் எழுதி வைத்திருக்கிறாய். போன வாரம் செவ்வாய்க்கிழமை சோதித்தவர் கையில் வெள்ளிக்கிழமைத் தாள் கிடைத்திருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது என்று. வேதாகமத்தில் பதினாறு தீர்க்கதரிசிகள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். பாபிலோன் விழும் என்று சொன்னவர்கள்கூட பிரேக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீ திறந்தாய். அவர் குனிந்து பார்த்தால் பின்சக்கர பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு தெரிகிறது.

"பனி கொட்டற ஊருல எவன் எறங்கிக் குனிவான்? நான் முப்பது வருசமா ராயக்கோட்டைத் தக்காளிய ஜெபம் பண்ணிட்டுத்தான் பெங்களூருக்கு ஓட்டறேன், ஒண்ணும் ஆவல" என்கிறார் உன் அப்பா. ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை, கர்த்தர் குனிவதற்கு முதுகும் கொடுத்திருக்கிறார் என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

எங்கள் பிரேக் லைனிங் கம்பெனியில் என்னோடு வேலை செய்த பேரிகை ஊர்ப் பெண் பிரவீனாவை உனக்குத் தெரியும், நீ புறப்பட்ட அன்று முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தாளே. மணிக்கொரு முறை லைனிங்கின் கனம் அளந்து எழுத வேண்டிய தாளில் நான்கு மணிக் கட்டத்தை இரண்டு மணிக்கே நிரப்பிவிட்டாள். சூப்பர்வைசரிடம் சொன்னது நான்தான். வேலை போயிற்று. கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பீஸாச்சும் கெட்டுப் போச்சாக்கா, சொல்லு" என்று கேட்டாள். ஒன்றும் கெடவில்லை. உன்னுடையது கெட்டிருந்தது, உன்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் உன்னையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போய் அவளிடம் உன் தாள் கதையைச் சொல்லப் போகிறேன். அவள் என்ன திட்டினாலும் உன் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவேன்.

நான் பார்த்து அனுப்பும் லைனிங் கடல் தாண்டிப் போகிறது. உன் வண்டியிலும் இருக்கலாம். இங்கிருந்து கிளம்பும்வரைதான் அதற்கு என் கண். அங்கே உன் கண்தான். கையுறை போட்டுக்கொள், இறங்கு, குனி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இன்று எழுதி, இன்றே கையெழுத்திட்ட
உன் அம்மா,
தேவமணி