மண்மேல் கை வைத்த நாள்

இன்று காலையில் மருமகள் அடுப்புத் தணலில் வாழையிலையை வாட்டிக்கொண்டிருந்தாள். மீனைப் பொதிந்து சுடப் போகிறாளாம். அந்த வாசனை என் அறைக்குள் வந்ததுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். காரணம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

தேவிகுளத்துக்கு மேலே அந்த எஸ்டேட் பங்களாவில் நீங்கள் சமையல்காரராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்களுக்கு முன் இருந்த சமையல்காரரை, விருந்தன்று கேக் அமுங்கிப்போனதற்காகத் துரை மறுநாளே மலையை விட்டு இறக்கிவிட்டார். வேலை போனால் வீடும் போய்விடும். பெரியவன் அப்போது என் வயிற்றில் நிறைமாதம்.

ஈஸ்டர் முடிந்த கையோடு துரைசாணி ஒரு படப் பத்திரிகையைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினாள். எங்கோ ஒரு தீவில் முழுப் பன்றியைக் குழியில் புதைத்துச் சுடுகிறார்களாம். பங்களாத் தோட்டத்திலும் அப்படியே வேண்டும். விருந்தாளிகள் பூமாலை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குழியை அவர்கள் கண்முன்னேதான் திறக்க வேண்டும் என்றாள். பாயில் உட்கார்ந்து சாப்பிடத் துரைமார் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நான் கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பன்றியைத் துண்டு போட்டுக் கறி வைத்துத்தான் உங்களுக்குப் பழக்கம். நடுவில் திறந்து பார்க்க முடியாத சமையலை நினைத்து இரண்டு நாளாக உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

நீளவாக்கில் வெட்டிய அந்தக் குழியைப் பார்த்தபோது எனக்கும் திக்கென்றது. கல்லறைத் தோட்டத்தில் வெட்டுவார்களே, அதே மாதிரி இருந்தது. மாசமாக இருக்கிறவள் இதைப் பார்க்கக் கூடாது என்று தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் என்னை உள்ளே அனுப்பினார்கள். பழுக்கக் காய்ந்த கற்களின் மேல், வாழையிலையில் சுற்றிய பன்றியை இறக்கி, ஈரச் சாக்கைப் போட்டு நீங்கள் மண்ணைத் தள்ளியதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கோடைமழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் புல்வெளியில் இறங்கிக் குழியை நோக்கித்தான் ஓடியது. நீங்கள் மண்வெட்டியோடு ஓடி வாய்க்கால் வெட்டினீர்கள். படுதாவை இழுத்துப் போட்டீர்கள். மழை விட்டபோது விருந்தாளிகளின் ஜீப்புகள் வரத் தொடங்கிவிட்டன. உள்ளே கல் குளிர்ந்துவிட்டதா, பன்றி பச்சையாகக் கிடக்கிறதா, யாருக்கும் தெரியாது. நீங்கள் மண்டியிட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏளா, என் கை விறைச்சுப் போச்சு. ஒண்ணும் தெரியமாட்டேங்கு. நீ தொட்டுப் பாரு, சூடு இருக்கா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கையை வைத்தேன். முதலில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அடியில் ஏதோ லேசாக. அது மண்ணின் சூடா, என் கையின் சூடா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. உங்கள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன்.

"இருக்குங்க" என்றேன்.

மண்ணை விலக்கி இலையைப் பிரித்ததும் குபுகுபுவென்று ஆவி எழுந்தது. கரண்டி பட்ட இடத்தில் கறி எலும்பை விட்டுக் கழன்றது. துரைசாணி கைதட்டினாள். பரிமாறி முடித்ததும் நீங்கள் அடுக்களைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தீர்கள். நான் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொறக்கும்போது என் கண்ணு அதுல இல்லளா. நம்ம சாமானை எதுல கட்டுறதுன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்" என்றீர்கள்.

அந்தப் பயம் உங்களை விட்டுப் போகவே இல்லை. வேலையிலிருந்து நின்ற பிறகும், வீட்டில் ஒரு சட்டியைத் திறக்குமுன் என்னைக் கூப்பிட்டு, சூடு இருக்கா என்று கேட்பீர்கள். இட்லிக் கொப்பரைக்குமா என்று கேலி செய்வேன். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்துச் சொல்வேன்.

உங்களை அடக்கம் செய்த அன்றும் மழை. எல்லாரும் குடைபிடித்து இறங்கிப் போனபின் பெரியவன் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். மண்மேல் உள்ளங்கையை வைத்தேன். இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை, சில்லென்று இருந்தது. உள்ளே தனியாகக் கிடந்து நீங்கள் பயப்படுவீர்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இருக்குங்க" என்றேன்.