அல்மாஸ் கேட்ட பவர் சப்ளை

மனைவி அல்மாஸ் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று யாசர் நினைத்தான். அவளுக்காகப் பாகம் பாகமாக வாங்கி அவன் கையாலேயே பொருத்திய கம்ப்யூட்டர் நேற்றுச் சாயங்காலம் புகைந்து அணைந்துபோனது. பிச்சாவரத்து மீனவப் பெண்களிடம் அவள் இரண்டு வருஷமாகப் பதிவு செய்த பேச்செல்லாம் அதில்தான் இருந்தது. அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். "பார்ட்ஸ் லிஸ்ட் போட்டது நாந்தானே மச்சான். எனக்கெதுக்குப் படிப்பு" என்று அழுதுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான்.

ஒரு சீட்டை எடுத்து எழுதினான்.

"அல்மாஸ், ஹார்ட் டிஸ்க்க எடுத்துக்கிட்டு கடலூர் போறேன். அங்க டேட்டா மீட்டுக் குடுக்கிறவரு ஒருத்தர் இருக்காராம். இடியாப்பம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு, சாப்பிடாம இருக்காத. வண்டிச் சாவி டிவி பக்கத்துல. பதினோரு மணிக்கு நெல்லிக்குப்பத்துலேர்ந்து மாமி வருவாங்க."

வாசல்வரை போனான். திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடியாக எழுதினான்.

"உன் லிஸ்ட் சரிதான். நீ கேட்ட பவர் சப்ளை வர பத்து நாளாவும்னாங்க. எனக்குப் பொறுமை இல்ல. கடையில கெடந்த பேரில்லாத ஒண்ணப் போட்டுட்டு, நீ சொன்னதுதான்னு சொல்லிட்டேன். அதுதான் புகைஞ்சது. நேத்து நீ அழுதப்பகூட வாயத் தொறக்கல."

இடம் தீர்ந்தது. தாளைத் திருப்பினான். "அவரு முடியாதுன்னா மெட்ராசுக்குக் கொண்டு போறேன். படிப்ப மட்டும் விட்றாத."

உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்டது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் நின்று, சீட்டை அவள் கையிலேயே கொடுத்தான்.

இரண்டு பக்கமும் படித்த அல்மாஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"டிஸ்க்க எங்கிட்ட குடுங்க. நானும் வரேன்."