வடக்கு நாணலில் அறுபது

நவம்பர் 24

ஏரி, மதகுக்குத் தெற்கே, காலை 6.10. ஊசிவால் வாத்து 43. தட்டைவாயன் 17. நாமக்கோழி ஏராளம் — எண்ணப் பொறுமையில்லை.

சேற்றுப் பருந்து ஒன்று நாமக்கோழியைத் தண்ணீரிலேயே அமுக்கிக் கொன்றது. நான்கு நிமிடம் பிடித்தது. கரைக்கு இழுத்து வந்து, கால் உதறிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டது. நானாக இருந்தால் கழுத்தில் ஒரே இழுப்பு. இருபது வருடமாகக் கோழி அறுக்கிறேன், இப்படி இழுத்தடித்ததில்லை. பருந்துக்கு ஏழு மணிக்குக் கடை திறக்கிற அவசரம் இல்லை.

நான் போவதற்குள் தம்பி ஷட்டரைத் தூக்கி, கத்திகளைத் தீட்டி வைத்திருந்தான். வாட்ஸ்அப் பறவைக் குழுவில் என் கணக்கைப் போட்டதும் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுபவன் அவன்தான். மூன்று வருடத்துக்கு முன் நானே சேர்த்துவிட்டேன். ஏரிக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஆனால் ஒரு நாளும் படிக்காமல் விட்டதில்லை. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. பெருமையாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 29

ஊசிவால் 34.

டிசம்பர் 2

26. தபால்காரர் ஐயா போனில் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது, இன்னமும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். குழுவை ஆரம்பித்தவர்.

"எந்த இடம்னு போட்டிருக்கீங்க? மதகுகிட்டன்னா? கிழக்கயா, மேற்கயா, எத்தனை அடி? விலாசம் இல்லாத பறவை எனக்கு வேண்டாம்மா."

அவர் போட்ட சட்டம் இது: எட்டு மணிக்குள் எண்ணிக்கை, இடம், நேரம் மூன்றும் வர வேண்டும். தன் கண்ணால் பார்க்காததை யாரும் எழுதக் கூடாது. 'சுமார் நூறு' என்று எழுதிய பல் டாக்டரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். திட்டு வாங்கிக்கொண்டு சரியாக எழுதினேன்: மதகுக்குக் கிழக்கே இருநூறு அடி, சாய்ந்த மரத்தடி.

ஏன் இப்படிக் குறைகின்றன என்று அவருக்கும் தெரியவில்லை. சுடத் தடை என்று கரையில் பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையிலேயே ஈய ரவை துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன.

நாளை மகள் வீட்டுக்குப் போகிறார், பிரசவம். இருபத்தைந்தாம் தேதி வரை வர மாட்டாராம்.

டிசம்பர் 6

19.

டிசம்பர் 9

எழுத்து கோணினால் கோணட்டும்.

தம்பி சாமான் எடுக்கப் போயிருந்த நேரம், பின்வாசலில் சாப்பாட்டுக்கடைச் சமையல்காரர் வந்து நின்றார். "அந்த நாலு உருப்படி எடுத்து வச்சிருக்கறதாச் சொன்னாப்ல." எந்த நாலு? குளிர்பெட்டியின் அடியில், ஈரல் பாத்திரத்துக்குக் கீழே, துணி சுற்றிக் கிடந்தன. தலையும் காலும் இல்லை. தோலை உரித்துவிட்டால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கிறான். எனக்கா தெரியாது? இந்த நெஞ்செலும்பு கோழியுடையதா, வாத்துடையதா? நெஞ்சைக் கத்தியால் கீறினேன், கல் கடித்தது போல் ஒரு சத்தம். ஈய ரவை. மொத்தம் பதினொன்று எடுத்தேன்.

என் குளிர்பெட்டியில். என் கத்தியால். நான் கொடுத்த விலாசத்தை வைத்து.

தம்பி வந்தான். எனக்குக் கை முன்னால் போய்விடும், வாய் பின்னால்தான் வரும், எப்போதும் அப்படித்தான். முதல் அடியில் காதிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டாவது அடி வெட்டுக்கத்தியின் பக்கவாட்டால். கத்தி கையில் இருந்தது அடித்த பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் திரும்பியிருந்தால்?

அவன் திருப்பி அடிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "நீ ஒரு நாளைக்கு நூத்தியிருபது கழுத்தை அறுக்கிற. நான் நாலு சுட்டதுக்கு என்னைக் கொல்லுவியா? எந்த ஊர் நியாயம்க்கா இது?"

கத்தியைக் கழுவி மாட்டினேன்.

துப்பாக்கி, கடைக்குக் கோழி கொண்டுவரும் லாரி டிரைவருடையது. இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள்.

டிசம்பர் 10

விட்டுவிட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். சரி என்றேன். காலையில் கணக்கைப் போட்டேன், 15. முதல் கட்டைவிரல் அவனுடையது.

போலீஸுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? நான் சோறூட்டி வளர்த்தவனைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றா? கணக்குப் போடுவதை நிறுத்தினால் அவர்களே கரையைச் சுற்றித் தேடுவார்கள், பதினைந்தும் போய்விடும்.

டிசம்பர் 12

கண்ணால் பார்த்தது: சாய்ந்த மரத்தடி, 15.
குழுவில் எழுதியது: வடக்கு நாணல், 30.

வடக்கு நாணலில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, கரிய சேறுதான். ஊசிவால் அங்கே இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் நான் கணக்கில் பொய் சொல்வேன் என்று யார் நினைப்பார்கள்?

டிசம்பர் 13

தம்பிக்குப் பூட்ஸிலிருந்து தொடைவரை கரிய சேறு. "எங்கடா விழுந்த?" என்றேன். "சாக்கடையில" என்றான். உள்ளே போய்க் குளிர்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

டிசம்பர் 15

எழுதியது: வடக்கு நாணல், 45. மறுபடியும் சேற்றில் புரளட்டும் இரண்டு பேரும். மரத்தடியில் பதினைந்தும் பத்திரம்.

டிசம்பர் 19

எழுதியது: வடக்கு நாணல், 60. கொஞ்சம் ஆசை மிஞ்சித்தான் போய்விட்டது.

பத்து மணிக்குத் தபால்காரர் ஐயா போன். குறித்த நாளுக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டதாம், நேற்றே திரும்பிவிட்டார்; குழுவை இன்றைக்குத்தான் திறந்து பார்த்தாராம். "பேத்தி" என்று ஒரு வார்த்தை, உடனே, "அறுபதா? வடக்கு நாணல்லயா? பதினஞ்சு வருஷமா நான் அங்க ஒண்ணைக்கூடப் பாத்ததில்லையே! நீங்களே பாத்தீங்களா?"

தம்பி இரண்டடி தள்ளி நின்று இறகு பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்கய்யா. நானே பாத்தேன்."

அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மத்தியானம் கூட்டம். சாயங்காலம் வெட்கம். எப்படியும் நான் இல்லாமல் அவர் ஏரிக்குப் போக மாட்டார்; ஞாயிற்றுக்கிழமைதான் சேர்ந்து போவோம். அன்றைக்கு நேரிலேயே சொல்லிவிடலாம்.

டிசம்பர் 20

ஆஸ்பத்திரி வராந்தா. பேனா நர்ஸுடையது.

நான் மரத்தடியில் இருந்தேன், பனிமூட்டம், பத்தடிக்கு மேல் தெரியவில்லை. 6.25க்கு வடக்கே இரண்டு வெடி. சிரிப்புத்தான் வந்தது முதலில். சேத்தைச் சுடுறாங்க பாரு என்று. அப்புறம் ஒரு குரல். வாத்து அப்படிக் கத்தாது.

ஓடினேன். வழியில் டிரைவர் துப்பாக்கியோடு எதிரே ஓடிவந்தான், என்னைத் தள்ளிவிட்டுப் போனான். நாணலுக்குள் தபால்காரர் ஐயா நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். முகத்தின் வலதுபாதி முழுக்க ரத்தம், கண் இருந்த இடத்தில் — வேண்டாம். ரத்தம் எனக்குப் புதிதில்லை. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். "குனிஞ்சு போனாருக்கா… நாணல் சலசலன்னுச்சு… வாத்துன்னு நெனச்சு நான்தான்…"

பைனாகுலரால் அவன் வாயில் அடித்தேன். விழுந்தான். முதுகில் ஏறி உட்கார்ந்து பிடரியைப் பிடித்து அந்தக் கரிய சேற்றில் முகத்தை அமுக்கினேன். சும்மா பயமுறுத்த இல்லை. கொல்லத்தான். எந்த உயிர் எவ்வளவு நேரம் உதறும், எப்போது அடங்கும் என்று என் கைக்குத் தெரியும். அவன் கால் உதறுவது குறைந்தது. கை எண்ணிக்கொண்டே இருந்தது.

"அவனை விடும்மா" என்றார் தபால்காரர் ஐயா. கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னார். "என்னைத் தூக்க ரெண்டு பேர் வேணும்."

விட்டேன். தம்பி சேற்றைக் கக்கினான். அவன் தலைப்பக்கம், நான் கால்பக்கம். ரோடு வரைக்கும் தூக்கிப்போனோம். உடைந்த பல்லை வழியில் துப்பினான்.

டிசம்பர் 21

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணுக்கு ஆபத்தில்லை. கன்னத்தில் பதினான்கு ரவை.

மகள் ஒரு வாரக் குழந்தையோடு வந்து நிற்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லன்னா அப்பா அங்கயே போயிருப்பாரு" என்று அழுதாள். நானும் அழுதேன். ஒரே அழுகைதான், காரணம்தான் வேறு.

டிசம்பர் 22

தம்பி மனைவி வீட்டுக்கு வந்தாள். டிரைவர் சுட்டான் என்று நான் சொன்னால் போதுமாம். பனிமூட்டத்தில் யார் கண்டது? அவன்தானே துப்பாக்கியோடு ஓடினான்? "உங்க தம்பி, அண்ணி! உங்க ரத்தம்" என்று காலைப் பிடித்தாள். எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் போன பிறகு, அவள் குடித்த தம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன்.

டிரைவர் சுட்டான். இரண்டே வார்த்தை. ஏற்கெனவே மூன்று பொய் எழுதியவளுக்கு நாலாவது பெரிய பாரமா?

டிசம்பர் 23

இன்ஸ்பெக்டரிடம் எல்லாம் சொன்னேன். சுட்டது தம்பி. அடித்தது நான், கொல்லப் பார்த்ததும் நான்தான். பொய்க்கணக்கு எழுதி மூன்று பேரையும் ஒரே நாணலுக்கு அனுப்பி வைத்ததும் நான்.

கடைசி விஷயத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார். "வாத்தைப் பத்திப் பொய் சொன்னா எந்தச் சட்டத்துலயும் இடமில்லம்மா. அதை விடுங்க."

விட முடிகிறதா?

டிசம்பர் 27

தபால்காரர் ஐயாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட முகம், ஒரு கண் மட்டும் என்னையே பார்த்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"மொத்தம் எத்தனை நாள் பொய்?"

"மூணு."

"தேதி சொல்லுங்க."

பன்னிரண்டு, பதினைந்து, பத்தொன்பது. உதட்டை அசைத்து மனதில் ஏற்றிக்கொண்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மகள் என்னை வெளியே போகச் சொன்னாள். கதவை என் முதுகுக்குப் பின்னால் சாத்தினாள்.

டிசம்பர் 28

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

ஜனவரி 16

இன்றைக்கு எண்பதாவது கோழியில் கத்தி நின்றுவிட்டது. அது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரே கண்ணால் பார்த்தது. எல்லாக் கோழியும் அப்படித்தான் பார்க்கும், இருபது வருடமாகப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அறுத்தேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

மார்ச் 8

வாத்துகள் கிளம்பிவிட்டன என்று பல் டாக்டர் சொன்னார். நான் ஏரிப்பக்கம் போகவில்லை.

ஜூன் 14

தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று வருடம். டிரைவருக்கு ஒன்றரை. தம்பி புகார் கொடுக்காததால் என்மேல் வழக்கு இல்லை. தீர்ப்பு சொன்னபோது தம்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். ஏதோ சொல்வதற்குள் கூட்டிப்போய்விட்டார்கள். முன்பல் இல்லாத வாய் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பல்லும் என் வேலை.

செப்டம்பர் 3

சிறைக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் பாதியாகியிருக்கிறான். பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்தபோது, "அன்னிக்கு அவர் பேசலன்னா நீ விட்டிருப்பியாக்கா?" என்றான்.

"மாட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். "அடுத்த மாசம் வா" என்றான்.

நவம்பர் 21

காலையில் கடை வாசலில் தபால்காரர் ஐயா. வலதுகண்ணில் கறுப்புத் துணி, கன்னம் அம்மைத்தழும்பு போல். கத்தியைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குழுவுல உங்களைத் திரும்பச் சேத்திருக்கேன். முதல்ல அந்த மூணு நாளையும் திருத்துங்க. பொய்க்கணக்கு பதினோரு மாசமா அப்படியே கிடக்கு, எனக்குத் தூக்கம் வரல." போகப் போனவர் திரும்பினார். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்லங்கய்யா."

திருத்தினேன். டிசம்பர் 12, வடக்கு நாணல்: 0. டிசம்பர் 15, வடக்கு நாணல்: 0. டிசம்பர் 19, வடக்கு நாணல்: 0. எழுதியவர்: நான். யாரும் கட்டைவிரல் போடவில்லை.

குழுவில் புதுச்சட்டம் ஒன்று இருந்தது. இடத்தை வாத்துகள் போன பிறகுதான் எழுத வேண்டும். போட்டவர் தபால்காரர்.

நவம்பர் 24

ஏரி. காலை 6.15. பனிமூட்டம் இருந்தது. தபால்காரர் ஐயா முன்பே வந்து தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். என்னிடமிருந்து ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றார்.

"இடதுகண்ணுல எண்ணிப் பழக்கம் வரல. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

பார்த்தேன். "ஊசிவால். ஏழு."

பென்சில் நோட்டுமேல் நின்றது. "நீங்களே பாத்தீங்களா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு மறுபடி குனிந்து கண்ணை வைத்தேன். பனி விலகும் வரை அப்படியே இருந்தேன். இடுப்பு வலித்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"ஆறுதாங்கய்யா. ஒண்ணு மரக்கட்டை."

ஆறு என்று எழுதினார்.