பிரிக்காத தையல்

அன்பு மகளுக்கு,

இப்படித்தான் அப்பா ஆரம்பிக்கச் சொன்னார், எனக்கு நீ அக்காதான். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், சொல்லாததையும் சேர்த்தே எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், தையல் மெஷின் மூவரும் நலம். அங்கே நீயும், கடைக்குட்டி என்ற என் பதவியைப் பறிக்க உன் வயிற்றுக்குள்ளே சுருண்டு படுத்திருக்கும் ஆளும் நலமா? போனில் கேட்டால் "சாப்பிட்டேன்ப்பா" என்று பேச்சை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும், அது எங்கள் கடையில் இருக்கிறது, அதனால் முழுசாகப் படி.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து நான் "அக்கா சினிமாக்காரி மாதிரி ஒல்லியா இருக்கா" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. உனக்கு அவர் தைத்து அனுப்பிய கவுனில் இடுப்புப் பக்கம் மூன்று வரிசைத் தையல் போட்டிருந்தார், வயிறு பெருக்கப் பெருக்க ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ள. ஆறாம் மாசம் நடக்கிறது, முதல் வரிசையே இன்னும் பிரிக்கலை என்றார். அப்புறம் மெஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலேயே ஒரு சட்டைக் கை முழுக்க ஓட்டிவிட்டார். அதற்கு நான்கூடக் கிண்டல் செய்யவில்லை.

நம்மிடம் சீருடை தைக்கும் நர்ஸம்மாவிடம் கேட்டோம். எடை ஏறவில்லை என்றால் மறைக்காமல் அங்கே டாக்டரிடம் உடனே சொல்லணுமாம். விலை உயர்ந்த பவுடர் டப்பாவைத் தேடி ஓட வேண்டாமாம், உன் தெருவிலேயே புதுசாகக் கிடைக்கும் முட்டை, பருப்பு, கீரை, பால், தயிர், வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை இதெல்லாம் போதுமாம். முட்டையை நன்றாக வேகவை. "ரெண்டு பேருக்குச் சேர்த்து மூக்கு முட்டத் திங்க வேணாம், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடச் சொல்லு" என்றார். நீ டீயும் பிஸ்கட்டுமாக ஒப்பேற்றுவது எனக்குத் தெரியும். பிஸ்கட்டில் வளர்ந்த பிள்ளை குளிப்பாட்டினால் கரைந்துவிடும், பார்த்துக்கொள்.

அத்தான் கப்பலுக்குப் போனதிலிருந்து "ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு" என்கிறாயே, அதற்கு அப்பா உன்னைத் திட்டியிருக்கணும். அவர் எப்படித் திட்டுவார்? அம்மாவும் இல்லாத வீட்டில், நீ போனதிலிருந்து அவர் அடுப்படியில் நின்றுகொண்டே பாத்திரத்திலிருந்து சாப்பிடுகிறார். நான் கட்டிலில். மூன்று பேர் குடும்பம், மூன்று மூலையில் சாப்பாடு. அதனால் இனி நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அங்கே உனக்கு மத்தியானம், போன் போடுவோம். பேச வேண்டாம். "அவ மெல்லுற சத்தம் கேட்டாப் போதும்" என்கிறார்.

நேற்றே உட்கார்ந்துவிட்டார். பாய் விரித்து, தட்டு வைத்து, நடுவில் போனை வைத்தோம். மணி அடித்து அடித்து நின்றது. "தூங்கியிருப்பா புள்ள" என்று தட்டை மூடி வைத்தார், பசியில்லையாம்.

நீயும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாகத் தேறி வரணும் என்று ஆசீர்வதிக்கிறார். டாக்டரிடம் சொல்ல மறக்காதே. தினமும் கூப்பிடுவோம், கையில் சோற்றோடு போனை எடு, அக்கா. நீ எடுக்காவிட்டால் இங்கே இன்னொருவருக்கும் எடை குறையும். இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா
(கை மட்டும் உன் வாலுத் தங்கையுடையது)