‘சப்’புக்கு மூன்றாவது அட்டை

மார்ச் 4

ஆங்கில–தமிழ் அகராதியில் ‘சப்’ என்ற லத்தீன் முன்னொட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் (எங்களுக்குள் ‘ஒருவரியார்’) கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "சப்னா கீழே. ஒரே வரி போதும்."

சப்வே, சப்மரின் எல்லாம் கீழே, சரி. சப்-எடிட்டர்? பதினொரு வருஷமாக நான் அதுதான். துணைக்கு இருக்கிறேனா, கீழே கிடக்கிறேனா? விடமாட்டேன்.

மார்ச் 9

ஒரு பொருள் அச்சேற, சொல் எங்கே எப்படி வந்தது என்று குறித்த அட்டை வேண்டும், மூன்று துறைகளிலிருந்து மூன்று. நூலில் படித்தது செல்லாது, புழக்கத்தில் கண்டதாக இருக்கவேண்டும். ஒருவரியார் போட்ட சட்டம். ‘துணை’, ‘உட்பிரிவு’ இரண்டுக்கும் அட்டை சேர்ந்துவிட்டது. முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நாலாவதாக ‘ஒட்டிய, கிட்டத்தட்ட’ என்றேன். நகரத்தை ஒட்டிய சப்அர்ப், ரயில் அட்டவணையில் கண்டது. வெப்பமண்டலத்தை ஒட்டிய சப்டிராபிக்கல், செடிக்கடைச் சீட்டில்.

"ரெண்டுதானேம்மா இருக்கு? தூக்கிடு."

இருபதாம் தேதி பக்கம் மூடுகிறார்கள்; அதற்கப்புறம் ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது.

மார்ச் 14

கடைப் பலகை, மருந்துப் பெட்டி, பழைய பில் — ஒன்றையும் விடவில்லை. பூஜ்யம்.

மார்ச் 17

மாமனாருக்கு ஒரு மாதமாகத் தோள்வலி. இன்று டாக்டரிடம் ரிப்போர்ட் வாங்கப் போனோம். வீடே கலங்கிப்போய் நிற்க, நான் வாங்கிப் படித்தேன். ‘சப்அக்யூட்’!

"கடுமைன்னு சொல்ல முடியாது, கிட்டத்தட்ட. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அந்தக் ‘கிட்டத்தட்ட’வைக் கேட்டதும் துள்ளிவிட்டேன்.

"எங்கப்பா ரிப்போர்ட்டப் பாத்துத் துள்ளுற ஒரே மருமக நீதான்" என்றார் இவர்.

"விடுடா," என்றார் மாமனார். "என் தோளு அகராதிக்காவது உதவட்டும்."

மார்ச் 18

ஒருவரியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்றாவது அட்டையைப் படித்தார்.

"டாக்டரே சொன்னாரா?"

"அவர் வாயாலயே, சார்."

கையெழுத்து! நான்கு பொருள், முக்கால் பத்தி. ஜெயித்துவிட்டேன். வீட்டுக்கு நடந்தா வந்தேன்? கால் தரையிலேயே படவில்லை.

மார்ச் 20

இன்று மாலை பக்கம் மூடல். காலையிலேயே ஒருவரியார் என் மேசை முன்னால் நின்றார், கையில் ஒரு அட்டையோடு. நேற்றுப் பேத்தியின் கால்பந்துப் போட்டிக்குப் போயிருக்கிறார். களைத்தவளை வெளியே எடுத்து, அவளுக்குப் பதிலாக ஆடும் சப்ஸ்டிட்யூட்டை, "சப்பை இறக்கு" என்று கத்தினார்களாம்.

"‘பதிலுக்கு’ன்னு ஒரு பொருள் விட்டுப்போச்சேம்மா. சேத்துக்கலாமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, அட்டையை நிதானமாகப் படித்தேன்.

"நல்ல அட்டைதான், சார். இன்னும் ரெண்டு கொண்டாங்க."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெற்று அட்டை இரண்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.