தை மாதத்துப் படம்

வடகரைத் தெரு, சங்குமுனை,
ராமநாதபுரம் மாவட்டம்
18 நவம்பர் 2024

தம்பி ஜெயசீலனுக்கு,

போனில் திட்டினால் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை எப்படி வைப்பாய் என்று பார்க்கிறேன்.

பஞ்சாயத்து ஆபீசில் நம் மாவட்டக் கடற்கரை வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். நம் தெருவுக்கு முன்னால் வள்ளம் ஏற்றி வலை உலர்த்தும் மணல் முழுவதும் மஞ்சள் பூசி, "பயன்பாடு இல்லாத நிலம்" என்று போட்டிருக்கிறது. அதில் யாரோ ஓட்டல் கட்டப்போகிறார்களாம்.

போன வருஷம் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நம்ம மாவட்டத்தையே புனேல உக்காந்து நான்தான் வரையிறேங்க்கா." அதைக் கேட்டுத் தெருவெல்லாம் பூந்தி கொடுத்தவள் நான். பூந்தி தின்றவர்களே இப்போது, "ஒந் தம்பி வரைஞ்சதுதானே லீலா?" என்று கேட்கிறார்கள். ஏன்டா அப்படி வரைந்தாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
லீலா

---

போபோடி, புனே
25 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கும் துரைசாமி மச்சானுக்கும்,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சுஷ்மாவுக்கு இருமல் விடவில்லை.

நான் வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. சாட்டிலைட் எடுத்த படத்தில் இருப்பதைத்தான் நாங்கள் வரைவோம். ஆனி மாதத்துப் படத்தில் பாதிக்கு மேகம். தை மாதத்துப் படம் பளிச்சென்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். அதில் வடகரையில் ஒரு வள்ளமும் இல்லை.

எங்கள் மேலதிகாரி சாஹேபிடம் பேசினேன். கொடுத்த படத்தை மாற்றினால் கம்பெனி பேர் கெடும் என்கிறார். நான் அங்கே வந்து பேசினால் வேலை போய்விடும். நீங்கள் ஒரு மனு கொடுங்களேன்.

ப்ரீதி, "அத்தை கருவாடு கப் ஆயேகா?" என்று, எப்போது வரும் என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வழக்கம்போல வடகடல் நெத்திலி அனுப்புவாய்தானே?

என்றும் உன் அன்புத் தம்பி
ஜெயசீலன்

---

சங்குமுனை
2 டிசம்பர் 2024

ஜெயசீலா,

தையில் வடகரையில் வள்ளம் எப்படிடா இருக்கும்? வாடைக்காற்று அடித்தால் வடகடல் பொங்கும். வள்ளம், வலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முனையைச் சுற்றித் தென்கடலுக்குப் போய்விடுவோம். கோடையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் திரும்பி வருவோம். இது இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்பாவின் வள்ளத்தில் வருஷா வருஷம் போய்வந்த உனக்குத் தெரியாதா? லீவில் பூட்டிக் கிடக்கிறது என்பதற்காக ஊரில் பள்ளிக்கூடமே இல்லை என்று எழுதுவாயா?

வேறு எவனாவது வரைந்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டுவிடுவேன். உன் ஆபீசிலேயே தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

12ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். வந்து இந்த ஒன்றை மட்டும் உன் வாயால் சொல். வேலை போனால் போகட்டும், பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உங்களுக்குச் சோறு போட என்னால் முடியும்.

லீலா

---

சங்குமுனை
16 டிசம்பர் 2024

ஜெயசீலனுக்கு,

நீ வரவில்லை. ஒரு பதில்கூடப் போடவில்லை. அன்று காலை வரைக்கும் ராமேஸ்வரம் பஸ் நிற்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிகாரிகள் வந்தார்கள். வாடையில் வடகரை எப்படி இருக்கும்? வெறும் மணல். ஒருவர் உன் படத்தை விரித்துவைத்து, "படத்துல உள்ளபடிதானேம்மா இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் வாடை என்றோம், கச்சான் என்றோம். "படம் வரைஞ்சவரே ஒங்க ஊர்க்காரராமே, அவருக்குத் தெரியாதா?" என்றார்.

அப்போதுதான் உன் மச்சான் தென்கடலிலிருந்து ஆறு வள்ளங்களைக் கூட்டிக்கொண்டு முனையைச் சுற்றி வந்தார், இங்கே வள்ளம் ஏறும் என்று காட்டுவதற்கு. அந்தக் காற்றில் எவனும் வரமாட்டான். ஐந்து ஏறிவிட்டன. ஆறாவது, அப்பாவின் வள்ளம், கரைக்குப் பக்கத்தில் புரண்டு உடைந்தது. உன் மச்சானுக்கு வலது கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. இனி எப்போது வலை இழுப்பார் என்று டாக்டரே சொல்லவில்லை.

அதிகாரிகள் பயந்துபோய், கச்சான் மாதத்தில் மறுபடி வந்து பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரை ஓட்டல் வேலை நிற்கும். நீ பஸ் ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய காகிதம் இது. அதற்கு ஒரு வள்ளமும் ஒரு கையும் போயின.

அப்பாவின் வள்ளத்துப் பலகைகள் உன் மஞ்சள் நிலத்தில்தான் கிடக்கின்றன. பொறுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தையிலும் மேலிருந்து படம் எடுப்பார்கள் இல்லையா? அப்போது பார்த்துக்கொள்.

ப்ரீதி கருவாடு கேட்டாள் என்று எழுதியிருந்தாய். வடகரையில் யாரும் வள்ளம் ஏற்றுவதில்லை, வலை உலர்த்துவதில்லை என்று அவளுடைய அப்பாதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் கருவாடு எங்கிருந்து வரும் என்று நீயே அவளுக்குச் சொல்.

லீலா